காந்தத்துக்கு மொழி தெரியுமா?

ஏழு வயதுக் குழந்தையின் கையில் ஒரு காந்தத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக்கால், சன்னல் கம்பி, கத்தரிக்கோல், புத்தகப்பை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். ஒட்டினால் சிரிக்கும். ஒட்டாவிட்டால், "ஏன் ஒட்டல?" என்று கேட்கும். அறிவியல் பாடம் அந்த 'ஏன்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

அந்த 'ஏன்' எந்த மொழியில் கேட்கப்பட வேண்டும் என்பதில்தான் நம் நாட்டில் பெரும் போராட்டமே நடந்திருக்கிறது. பாடத்தின் பெயர் மாறியது. தொடங்கும் வகுப்பு மாறியது. மொழியும் மாறி, மீண்டும் மாறியது. மாறாமல் இருந்தவை காந்தமும் வெப்பமும், காட்டில் வாழும் உயிர்களும் மட்டுமே.

மதராஸ் புத்தகமும் பால்மரக் காடும்

மலாயாவில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் தோன்றிய காலத்தில் அறிவியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்திற்காக நடந்த பள்ளிகளே அதிகம். எழுத்தும் வாசிப்பும் கணக்கும் தெரிந்தால் போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். படித்த புத்தகங்களும் பெரும்பாலும் மதராஸிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றிலிருந்த மரமும் விலங்கும் பருவமும் தமிழ்நாட்டுக்கு உரியவை. சன்னலுக்கு வெளியே பால்மரக் காடு நின்றது. புத்தகத்துக்குள்ளே வேறொரு நாடு இருந்தது.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் வாழ்ந்த இடமே ஓர் அறிவியல் கூடம். விடியுமுன் இருட்டிலேயே பால் வெட்டப் போவது ஏன்? குளிர்ந்த வேளையில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகும். அழுத்தம் குறைந்து பாலும் குறையும். இது தொழிலாளர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால், பள்ளியில் யாரும் அதைப் பாடமாக்கவில்லை.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் இந்த நாட்டை மையமாகக் கொண்ட பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மொழிக்கொள்கையில் அந்த அறிக்கையின் மீது தமிழர்களுக்குக் குறைகள் உண்டு. ஆயினும் பாடநூலை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. வாழிடம் என்ற பாடத்திற்கு இது மிக முக்கியம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதையும், செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குக் கூடு கட்டி வைப்பதையும் விட்டுவிட்டு, வேறெங்கோ இருக்கும் உயிர்களை வைத்தா இங்குள்ள பிள்ளைக்கு வாழிடத்தை விளக்குவது?

பெயர் மாறிய பாடம்

1983இல் கேபிஎஸ்ஆர் எனப்படும் புதிய ஆரம்பப்பள்ளிப் பாடத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதில் அறிவியல் தனிப் பாடமாக இல்லை. அந்த மாணவர்கள் 1986இல் நான்காம் ஆண்டுக்கு வந்தபோது 'ஆலாம் டான் மனுசியா', அதாவது இயற்கையும் மனிதனும் என்ற பாடம் அறிமுகமானது. அறிவியலும் வரலாறும் புவியியலும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது நல்ல சிந்தனைதான். ஆனால் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் பாடத்தில் சோதனை செய்து பார்க்க நேரம் ஏது?

1990களின் நடுப்பகுதியில் அந்தப் பாடம் நீங்கி, அறிவியல் மீண்டும் தனிப் பாடமானது. 1997 முதல் யூபிஎஸ்ஆர் தேர்விலும் அது இடம்பெற்றது. தமிழ்ப்பள்ளிகளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார்கள். காந்தம், வடமுனை, தென்முனை, வெப்பநிலை, வாழிடம் போன்ற சொற்கள் சாதாரணத் தோட்டத்துப் பிள்ளையின் வாயிலும் புழங்கத் தொடங்கின.

2003: ஒரே நாளில் மாறிய வகுப்பறை

2003 ஜனவரியில் அந்த நிலை மாறியது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தை, துன் டாக்டர் மகாதீர் தலைமையிலான அரசாங்கம் முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழ் ஆறாம் படிவம் ஆகிய வகுப்புகளில் ஒரே சமயத்தில் தொடக்கியது. அதுவரை நான்காம் ஆண்டில் தொடங்கிய அறிவியல், முதலாம் ஆண்டிலேயே வந்தது. வகுப்பறைக்கு மடிக்கணினியும் ஒளிபடக் கருவியும் குறுந்தட்டுகளும் வந்தன.

இந்தத் திட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. உலக அறிவியல் நாள்தோறும் ஆங்கிலத்தில் வளர்கிறது; நம் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்றார்கள். தமிழ்ப்பெற்றோர் பலரும் வரவேற்றார்கள். அதற்கும் நியாயம் உண்டு. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய், பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஆங்கிலம் என்று இரண்டு மலைகளை ஏற வேண்டிய பிள்ளைக்கு, ஒரு மலையையாவது முன்கூட்டியே பழக்கிவிடலாமே என்ற தவிப்பு அது.

ஆனால் வகுப்பறையில் என்ன நடந்தது? வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஏழு வயதுப் பிள்ளை, 'ஏன் ஒட்டல?' என்ற கேள்வியை மனத்துக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க முடியாத பிள்ளை கேட்கவேயில்லை. தமிழிலோ மலாயிலோ பயிற்சி பெற்ற ஆசிரியரும், குறுந்தட்டில் உள்ளதை ஓட்டிக் காட்டிவிட்டுப் பயிற்சிப் புத்தகத்துக்குப் போக வேண்டிய நெருக்கடி பல பள்ளிகளில் ஏற்பட்டது. வரிகளை மனனம் செய்து விடை எழுதலாம். ஆனால், மனனம் செய்து ஐயம் கேட்க முடியுமா?

2009 ஜூலை 8ஆம் தேதி, அன்றைய துணைப்பிரதமரும் கல்வி அமைச்சருமான டான்ஸ்ரீ முகைதீன் யாசின் இத்திட்டம் மீட்டுக்கொள்ளப்படுவதாக அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளி அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் என்ற பெயரில் விரும்பும் பள்ளிகளுக்கு மீண்டும் ஆங்கில வாய்ப்பு வந்தபோது, சமுதாயத்தில் அதே விவாதம் அனல் பறந்தது.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மொழி மாற்றம் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டிம்ஸ் எனப்படும் அனைத்துலக மதிப்பீட்டில் நம் இரண்டாம் படிவ மாணவர்களின் அறிவியல் புள்ளி 2003இல் 510; 2007இல் 471; 2011இல் 426. பின்னர் 2015இல் 471க்கு ஏறியது. இதில் மொழிக்கும் பங்கிருக்கலாம். கற்பிக்கும் முறைக்கும் பங்கிருக்கலாம். எந்த மொழியில் நடத்தினாலும் கையில் காந்தத்தைக் கொடுக்காத வகுப்பில் காந்தவியல் வளராது.

இலத்தீனும் கொல்லர் மகனும்

இந்த விவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. காந்தத்தின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று நிறுவியவர் இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் கில்பர்ட். வெள்ளைப்பூண்டு தேய்த்தால் காந்தம் வலுவிழக்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். கில்பர்ட் அத்தகைய நம்பிக்கைகளைத் தம் கையாலேயே சோதித்து, பொய் என்று காட்டினார். ஆனால் 1600இல் அவர் வெளியிட்ட நூல் இலத்தீன் மொழியில் இருந்தது. கற்றவர்களின் மொழி அது. தெருவில் இரும்பு அடிக்கும் கொல்லருக்கு அந்த நூல் எட்டாது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில் ஓர் இரும்புக் கொல்லரின் மகன் புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளாகச் சேர்ந்தான். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. கட்டுவதற்கு வந்த நூல்களை இரவில் வாசித்தான். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல். அது அவன் வீட்டில் பேசிய ஆங்கிலத்தில் இருந்தது. அந்தச் சிறுவன்தான் மைக்கல் ஃபாரடே. 1831இல் காந்தத்தை நகர்த்தினால் கம்பியில் மின்சாரம் உண்டாகும் என்று கண்டுபிடித்தவர். இன்று நம் வீட்டு விளக்கு எரிவது அந்த உண்மையால்தான். அறிவியல் இலத்தீனிலேயே நின்றிருந்தால் கொல்லர் மகனுக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா?

தமிழும் இந்தச் சோதனையை முன்பே கடந்து வந்த மொழிதான். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். மருத்துவத்தையே தமிழில் சொல்ல முடிந்திருக்கிறது. முதலாம் ஆண்டுக் காந்தத்தைச் சொல்ல முடியாதா?

சூடு ஒன்றா, இரண்டா?

அதற்காகத் தாய்மொழியில் நடத்தினால் எல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. வெப்பப் பாடமே அதற்குச் சான்று. வீட்டில் நாம் எல்லாவற்றுக்கும் 'சூடு' என்கிறோம். உடம்பு சூடு, சோறு சூடு, வெயில் சூடு. ஆனால் அறிவியலில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு குவளை கொதிநீரையும் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை குவளையில் அதிகம். ஆனால் வாளி நீரே அதிகமான பனிக்கட்டியைக் கரைக்கும். 1760களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கும் வரை அறிஞர்களுக்கே இதில் குழப்பம் இருந்தது. பிள்ளைக்கு இருப்பதில் வியப்பில்லை. வீட்டுச் சொல்லிலிருந்து பாடச் சொல்லுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதுதான் ஆசிரியரின் வேலை.

அங்கிருந்து அடுத்த மொழிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். தமிழில் வெப்பம் புரிந்த பிள்ளை, மலாயில் 'ஹாபா' என்றும் ஆங்கிலத்தில் 'ஹீட்' என்றும் கற்க ஒரு நாள் போதும். புரியாத பிள்ளைக்கு மூன்று மொழியிலும் அது வெறும் ஒலிதான். ஆறாம் ஆண்டை முடிக்குமுன் ஒவ்வொரு மாணவரின் கையிலும் மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்று இருந்தால், படிவம் ஒன்றின் அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530. தோட்டங்கள் கைமாறின, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 2017இல் தொடங்கிய திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில் காந்தம் முதலாம் ஆண்டிலேயே இடம்பெற்றது. யூபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் அகற்றப்பட்டது. மதிப்பெண் நெருக்கடி தளர்ந்த நிலையில், சோதனை செய்து பார்க்க இப்போதாவது நேரம் கிடைக்க வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்திலிருப்பவர் கையில் வைத்துச் சுட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1798இல் ரம்ஃபோர்டு பிரபு, பீரங்கி துளைக்கும்போது எழுந்த வெப்பத்தால் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து உலகுக்குக் காட்டியதும் அதே பாடம்தான்: உராய்ந்தால் வெப்பம் பிறக்கும்.

பாட்டிக்கு அந்த அனுபவம் தெரியும். அதன் பெயர் தெரியாது. பேரனுக்குப் பெயர் தெரியும், அனுபவம் இல்லை. இருவரும் உட்கார்ந்து பேச ஒரு மொழி இருக்கிறது. இன்றிரவு அந்தப் பேச்சைத் தொடக்கிவைக்க வேண்டியவர்கள் பெற்றோரே.