ஏரிக்குக் கீழேயும் ஊர் உண்டு

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், கோபுரத்தில் மணி ஏறிய வரலாறும் இடம்பெறுவது வழக்கம். கோடைக்கானல் மலைமேல் குடியிருக்கும் நாம் இதுவரை எழுதாத ஒரு வரலாறும் உண்டு. அது நம் வீட்டுக் கழிவுநீரின் வரலாறு. மலரில் இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் துரை ஓடைநீரைக் கரைகட்டித் தடுத்து ஏரியை உண்டாக்கினார். 1866-இல் சேசு சபைக் குரு லூயி சேன் சீர் சுவாமிகள் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள் தொகை 1,912 மட்டுமே. அந்தச் சிறு தொகையின் கழிவை மண்ணும் மழையும் ஓரளவு தாங்கிக்கொண்டன. 2011-இல் நாம் 36,501 பேர் ஆனோம். சீசனில் வந்துபோகும் விருந்தினர் இக்கணக்கில் சேரார்.

தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வருமுன், நம் நாட்டு ஊர்களில் மனிதரே மனித மலத்தை வாளியில் அள்ளிச் சுமந்தனர். கோவிலுக்குக் கல் கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைத்த நாம், இவர்கள் பெயரை எங்கும் பொறிக்கவில்லை. 1993-இலும் 2013-இலும் வந்த சட்டங்கள் இக்கொடுமையைத் தடைசெய்தன. பாதுகாப்பின்றி மனிதரைச் செப்டிக் டேங்குக்குள் இறக்குவதும் இன்று குற்றமே.

வாளி போய்ச் செப்டிக் டேங்க் வந்ததும் கவலை தீர்ந்தது என்று நினைத்தோம். அது பாதிச் சுத்தமே. தொட்டியில் கனமானது அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் படிவைச் சிறிது சிறிதாகத் தின்னும். குளிரில் அவற்றின் வேலை மந்தமாகும். வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் மிச்சமிருக்கும். அந்நீரை மண்தான் வடிகட்ட வேண்டும். சரிவான பாறை நிலத்தில் மண் ஆழமில்லாத இடங்களில், அது வடியாமலே ஊற்றிலும் ஓடையிலும் கலந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை படிவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்காவிட்டால், தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கழிவுநீர் ஏரியில் சேர்ந்தால் அதிலுள்ள உரச்சத்தை உண்டு நீர்க்களை மண்டும். களை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் திணறும். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. பயணிகள் அதைக் கண்டு மகிழ்கின்றனர். அருவிக்குக் கீழேயும் வயல் உண்டு, கால்நடை உண்டு, குடம் ஏந்தி வரும் தாய்மார் உண்டு. மேட்டில் இருப்பவன் கழுவி ஊற்றியது பள்ளத்தில் இருப்பவன் வாசலுக்கு வரும்.

2014-இல் தமிழக அரசு, தொட்டிக் கழிவை அகற்றிச் சுத்திகரிக்க உள்ளாட்சிகளுக்கு வழிமுறைகள் வகுத்தது. சுத்திகரிப்பு நிலையம் செய்வது அதிசயமல்ல: குப்பையைச் சல்லடையில் தடுப்பது, கனமானதைப் படியவிடுவது, காற்றூட்டி நுண்ணுயிர்களை வளர்ப்பது, கடைசியில் கிருமியை அழிப்பது. ஆனால் மேடும் பள்ளமுமான ஊரில் குழாய் தானாக ஓரிடம் சேராது. பள்ளந்தோறும் பம்பு வேண்டும், செலவும் வேண்டும். அதுவரை வீட்டுத் தொட்டி வீட்டாரின் பொறுப்பு.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், நல்ல குடிநீரை மனிதரின் அடிப்படை உரிமை என்று சொல்லிற்று. யூபிலி என்பது கடன் தீர்க்கும் ஆண்டு. கீழ் ஊராருக்கு நாம் பட்டுள்ள கடனும், வாளி சுமந்தவர்களுக்குப் பட்டுள்ள கடனும் நம் கணக்கில் நிற்கின்றன. முதல் தவணையாக, இவ்வாண்டு நம் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்போம். ஆள் இறக்காமல் இயந்திரம் கொண்டு சுத்தம் செய்விப்போம்.