பகவந்தியும் அபியும்

2005-ஆம் ஆண்டளவில், திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள கிளைக் கிராமங்களில் மாலைத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும் குருக்கள் ஒன்றை மறவாது கவனிக்க வேண்டியிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு முன் இறுதி ஆசீர் வழங்கிவிட வேண்டும். ஒன்பது மணிக்குச் சன் தொலைக்காட்சியில் ‘கோலங்கள்’ தொடங்கிவிடும். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த சில வீடுகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவர். முறத்தை முன்னால் வைத்து மல்லாட்டை உரித்தவாறே அபி என்ற பெண்ணின் வாழ்வைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பர். அந்நாளில் மறையுரைகளில் நெடுந்தொடர்களைக் கடுமையாகச் சாடியவர்களுள் அடியேனும் ஒருவன். உண்மையில் வாழ்ந்திராத அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள், நம் பெண்களிடம் என்ன பேசினாள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அபியின் வரலாற்றை அறிய, அவளுக்கு மூத்தவளான பகவந்தியை முதலில் அறிய வேண்டும். 1984-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் தூர்தர்சனில் ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் தொடங்கியது. மனோகர் சியாம் ஜோஷி எழுதிய இதுவே நம் நாட்டின் முதல் நெடுந்தொடர் எனப்படுகிறது. மெக்சிகோ நாட்டில் மிகேல் சபிதோ என்பவர், கதையின் வழியே மக்களுக்கு எழுத்தறிவும் குடும்பநலமும் கற்பிக்கலாம் என்று காட்டியிருந்தார். அம்முறையைப் பின்பற்றியே இத்தொடர் திட்டமிடப்பட்டது. நன்மாதிரியாகச் சிலர், தீய மாதிரியாகச் சிலர், இவ்விருவருக்குமிடையே தடுமாறித் திருந்துவோர் சிலர் எனக் கதைமாந்தர் வகுக்கப்பட்டனர். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் படிப்பினையை எடுத்துரைத்தார்.

அத்தொடரில் குடிகாரக் கணவனின் மனைவியாக வருபவள் பகவந்தி. ஏச்சையும் இழிவையும் பொறுத்துக்கொண்டு அவள் வாய் திறவாமல் உழைக்கிறாள். பெண்கள் இவ்வாறு இருத்தல் ஆகாது என்று உணர்த்தவே அவளைப் படைத்தார்கள். ஆனால் விளைந்தது வேறு. அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய அறிஞர்கள் பார்வையாளர்களிடம் ஆய்வு செய்தபோது, ஆண்களும் பெண்களுமாகப் பலர் பகவந்தியையே பின்பற்றத்தக்க இலட்சியப் பெண்ணாகக் கண்டது தெரியவந்தது. எச்சரிக்கைப் பலகையாக நடப்பட்டவளை மக்கள் பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். பொறுமையே பெண்ணின் அணிகலன் என்று காலங்காலமாகக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, பதினேழு மாதத் தொடர் ஒன்றின் படிப்பினை எட்டவில்லை.

இந்தி மொழியில் அமைந்ததால் பகவந்தி தமிழகத்தில் பரவலாக அறியப்படவில்லை. தமிழ்ப் பெண்களுக்கான கதைமாந்தர் பெருகியது சன் தொலைக்காட்சி வந்த பின்னரே. அது 1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 1999 இறுதியில் ராதிகா நடித்த ‘சித்தி’ தொடங்கி இல்லந்தோறும் பேசப்பட்டது. அதன்பின் 2003 நவம்பர் 24 அன்று, விகடன் நிறுவனத்தின் தயாரிப்பில், திருச்செல்வம் இயக்கத்தில் ‘கோலங்கள்’ பிறந்தது. தேவயானி அபியாக நடித்தார். 2009 டிசம்பர் 4 வரை 1,533 பகுதிகளாக அத்தொடர் நீண்டது.

யார் இந்த அபி? தந்தை பிரிந்துசென்ற குடும்பத்தின் மூத்த மகள். தாயையும் உடன்பிறந்தோரையும் தன் சம்பளத்தால் தாங்குபவள். மணவாழ்வில் கணவன் பாஸ்கரின் பேராசையால் துன்புற்று மணமுறிவு பெறுகிறாள். அதன்பின் கட்டுமானத் தொழிலில் தன் காலில் நின்று உயர்கிறாள். தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த ஆதித்யாவே அவளுக்குப் பெரும்பகையாகிறான். பகவந்தியைப் போலவே அபியும் துன்புறுபவள்தான். ஆயினும், துன்புறுத்தும் உறவிலிருந்து வெளியே வந்த பின்னும் அவளது கதை முடிந்துவிடவில்லை. அவள் தலைகுனியவும் இல்லை. இரண்டு பெண்களுக்கும் இடையிலான வேறுபாடு இதுதான்.

இக்கதை வெற்றிடத்தில் முளைத்ததன்று. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், சில ஆண்டுகளிலேயே அன்றைய தென்னார்க்காட்டிற்கும் வந்துவிட்டன. வங்கிப் படியேறிக் கையெழுத்திட்டுக் கடன் பெற்ற பெண்கள் விழுப்புரத்துச் சிற்றூர்களில் பெருகியிருந்தனர். சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறழ்வு ஒன்றே போதுமானதாக இருந்தது. மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிறுவ வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டின் திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்க, அபி குடிசைகளுக்குள்ளும் நுழைந்தாள். அடுத்த மாதம் 26-ஆம் நாள், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நெடுந்தொடர்களின் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை. விளம்பரங்களுக்காக ஆறாண்டு காலம் இழுத்த கதையில் வாரந்தோறும் புதிய சூழ்ச்சியும் புதிய கண்ணீரும் தேவைப்பட்டன. அபி துணிந்து நின்ற நாள்களைக் காட்டிலும் அவள் அழுத நாள்களையே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்வகையில் அபியையும் பகவந்தியாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. ஆயினும் எல்லாரும் அவ்வாறு பார்க்கவில்லை என்பதை ஒரு பெண் எனக்குக் கற்பித்தார்.

அந்நாள்களில் ஒரு மாலை, திருப்பலி முடிந்ததும் அவர் கோயில் வாசலில் காத்து நின்றார். கணவரின் அடி தாளாமல் விழுப்புரத்துக்கு அருகிலுள்ள தாய்வீட்டிற்குப் போய்விட்டு, உறவினர் வற்புறுத்தியதால் திரும்பியிருந்தார். மணிக்கட்டில் வீக்கம் தெரிந்தது. நான் வழக்கம்போல, “பொறுமையாய் இரும்மா, செபமாலை சொல்லு, ஆண்டவர் அவரை மாற்றுவார்” என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “அபி மட்டும் போகலாமா சாமி?” என்று கேட்டார். “அது வெறும் கதை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெறும் கதை என்று சொன்ன நான், குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவன். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1153-ஆம் சட்டம் எனக்குத் தெரியாததன்று. துணைவர் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவுக்கோ உடலுக்கோ பேராபத்து விளைவித்தால், அல்லது வேறு வகையில் கூடிவாழ்வதை மிகக் கடினமாக்கினால், பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று அது கூறுகிறது. ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதித்தால் ஆபத்து எனில் தாமாகவே பிரிந்து செல்லலாம். திருமணப் பிணைப்பு முறியாமலே இவ்வாறு பாதுகாப்புத் தேட இடமுண்டு. திருத்தந்தை பிரான்சிஸும் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலில், சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படியே தேவையாகலாம் என்று எடுத்துரைத்தார். ஆனால் அன்று என் நாவில் வந்தது திருச்சபையின் சட்டமன்று. பகவந்தியைப் பீடமேற்றிய அதே பழைய வழக்கம்தான்.

இரண்டாண்டுகள் கழித்து அப்பெண் பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டிற்குச் சென்று தையல் வேலையில் அமர்ந்தார் என்று கேள்வியுற்றேன். இம்முறை அவர் என்னிடம் ஆலோசனை கேட்க வரவில்லை. அந்த இரண்டாண்டுகளில் அவர் பட்ட அடிகளுக்கு என் சொல்லும் ஒரு காரணம் என்பதை நான் இன்றும் ஒப்புரவு வேளையில் நினைக்கிறேன்.

கற்பனைக் கதைமாந்தரை எவ்வாறு ஏற்பது என்பதைப் படைப்பவர்கள் மட்டுமன்று, காண்பவர்களும் தீர்மானிக்கிறார்கள். 1984-இன் பார்வையாளர்கள் பகவந்தியிடம் கண்டது தங்கள் வீட்டில் கற்ற பாடத்தை. 2005-இல் அந்தப் பெண் அபியிடம் கண்டது, தம் பங்குக்குரு காட்ட மறுத்த ஒரு வாசலை. இன்று குடும்பச் சிக்கலோடு ஒரு பெண் என்னிடம் வரும்போது, பொறுமையைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. “இன்றிரவு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் பாதுகாப்பு உண்டா அம்மா?” என்று கேட்கிறேன். மற்றவற்றை அதன்பின் பேசிக்கொள்ளலாம்.