கைவினை பியர் நகரம்

கைவினை பியர் நகரம் என்பது, சிறு ஆலைகளில் தொட்டி தொட்டியாகக் காய்ச்சப்படும் பியருக்குப் பெயர்பெற்று, அதைச் சுவைப்பதற்கென்றே வெளியூரார் தேடி வரும் நகரைக் குறிக்கும். செக் நாட்டின் பில்சன், பெல்ஜியத்தின் பிரசல்ஸ், அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. தெற்காசியாவில் இந்த இடம் பெங்களூருக்கு உரியது. இலங்கையில் நுவரெலியாவுக்கு பியர் வரலாறு நீண்டது. ஆனாலும் அது இவ்வகை நகராக வளரவில்லை.

பெயரும் செய்முறையும்

கைவினை பியருக்கு உலகம் முழுவதும் ஏற்ற ஒரே வரைவிலக்கணம் கிடையாது. அமெரிக்க பியர் காய்ச்சுவோர் சங்கம், சுயாதீன உரிமையையும் ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்க்கு மேற்படாத உற்பத்தியையும் அளவுகோலாகக் கொள்கிறது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லீற்றர். ஆகவே இந்த வரம்புக்குள் பெரிய ஆலைகளும் அடங்கிவிடும். இந்தியாவிலோ இச்சொல் பெரும்பாலும், காய்ச்சும் கட்டடத்திலேயே பியரை விற்கும் மதுக்கூடத்தோடு சேர்த்தே வழங்குகிறது.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதன் மாப்பொருள் சீனியாக மாறும். இனிப்பான அந்தச் சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹொப்ஸ் பூக்கள் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் மதுவம் சேர்ப்பர். ‘ஏல்’ வகை 20 பாகை அளவில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நொதித்துவிடும். ‘லாகர்’ வகைக்கு 10 பாகையை அண்டிய குளிரும் பல வாரப் பொறுமையும் தேவை. சாறு வடித்தபின் மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகும்.

நீர்

பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். அதனால் முற்காலத்தில் ஊரின் கிணறே ஊரின் பியரைத் தீர்மானித்தது. பில்சனின் மென்னீரில் 1842இல் ஜோசப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர், இன்று உலகில் மிகுதியாக விற்கும் பியர் வகைக்கு முன்னோடி. இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் ஜிப்சம் கலந்த வன்னீர், ஹொப்ஸின் கசப்பைத் துலக்கிக் காட்டியது. இன்றோ நீரை வடிகட்டி, வேண்டிய உப்புகளை அளந்து சேர்க்க முடியும் என்பதால் கிணற்றின் ஆட்சி முடிந்துவிட்டது.

புதிதாய் அருந்துதல்

இத்தகைய நகருக்கு ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பதைக் கள்ளை வைத்து எளிதில் விளக்கலாம். காலையில் இறக்கிய தென்னங்கள் மறுநாளே புளித்துவிடும், விட்டுவைத்தால் வினாகிரி. எனவே மரத்துக்குப் பக்கத்தில்தான் அதன் சுவை. பியர் அத்தனை விரைவில் கெடுவதில்லை. ஆனாலும் வடிகட்டாத கோதுமை பியரில் மதுவம் உண்டாக்கும் வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் நாளாக ஆக மங்கும். ஹொப்ஸ் வாசனையும் அப்படியே. வெப்பம் அதை விரைவுபடுத்தும். தொட்டிக்கு அருகே கிடைக்கும் சுவை கப்பலேறிய போத்தலில் கிடைப்பதில்லை.

சட்டம்

தொட்டிக்கு அருகே விற்பதற்குச் சட்டம் இடங்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1978இல் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு இருந்த கூட்டாட்சித் தடை நீக்கப்பட்டது. அப்போது நாடு முழுவதும் நூறுக்கும் குறைவான ஆலைகளே இருந்தன. 2019இல் அவை 8,000ஐத் தாண்டின. ஒரிகன் மாநிலம் 1985இல், காய்ச்சும் இடத்திலேயே விற்க அனுமதித்தது. போர்ட்லண்டின் எழுச்சி அதன் பின்னரே. அருகிலுள்ள வில்லமெற் பள்ளத்தாக்கில் ஹொப்ஸ் விளைந்தது கூடுதல் வசதி.

பெங்களூர்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரமுள்ள பெங்களூரில் 1809இல் ஆங்கிலேயப் படைமுகாம் அமைந்தது. தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து 1915இல் யுனைட்டட் புரூவரிஸ் நிறுவனத்தை உருவாக்கினார். படைமுகாமோடும் ஆலைகளோடும் வந்த பியர்ப் பழக்கத்தோடு, தகவல் தொழில்நுட்பத் துறையின் சம்பளமும் வெளிநாடு கண்டு திரும்பிய இளைஞர்களும் பின்னர் சேர்ந்தனர்.

இந்திரா நகரின் ‘டாயிட்’ 2010இலும், விட்டல் மல்லையா வீதியின் ‘பியர் கிளப்’ 2011இலும், மிச்சிகன் மாநில ஆலையொன்றின் தொடர்புடைய ‘ஆர்பர்’ 2012இலும் தொடங்கின. பத்தாண்டுக்குள் இத்தகைய கூடங்கள் ஐம்பதைத் தாண்டின. கண்ணாடிக்கு அப்பால் தொட்டிகள் தெரிய, இப்பால் மேசைகள் இருப்பது இவற்றின் வழக்கமான அமைப்பு. ஜேர்மனியக் கோதுமை பியரோடு பாசுமதி அரிசி சேர்த்த பியரும், பருவத்தில் மாம்பழ பியரும் பட்டியலில் இடம்பெறும். நகரில் ஹொப்ஸ் விளைவதில்லை. குடிநீரில் பெரும்பகுதி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து மேடேற்றி இறைக்கப்படுகிறது. இயற்கை தராதவற்றை, காய்ச்சும் இடத்திலேயே விற்கும் அனுமதிப்பத்திரமும் வாடிக்கையாளரும் ஈடுசெய்தனர்.

நுவரெலியா

நுவரெலியாவின் கதை இதற்கு நேர்மாறு. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரம், குளிர், ஊற்றுநீர் அனைத்தும் அங்கு இருந்தன. சாமுவேல் பேக்கர் 1849இல் சிற்றாலை தொடங்கினார். 1881இல் வணிக ஆலை எழுந்தது. அதன் வாரிசான லயன் ஸ்டவுட் என்ற கரிய பியரை, பியர் பற்றி எழுதிய பிரித்தானியர் மைக்கல் ஜக்சன் உலகறியச் செய்தார். எனினும் நாடெங்கும் போத்தல் விநியோகிப்பதே தொழிலாக வளர்ந்தபோது, மலை உச்சியை விடக் கொழும்பை அண்டிய இடமே வசதியானது. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி பியகமவுக்கு இறங்கியது. பெயர் எஞ்சியது, தொட்டி போய்விட்டது.

கட்டுப்பாடுகளும் விமர்சனமும்

இலங்கையில் மது உற்பத்தியும் விற்பனையும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடைசெய்கிறது. இதனால் நகரொன்றை பியரின் பெயரால் விளம்பரப்படுத்துவது கடினம். இஸ்லாத்தில் மது ஹராம் என்பதால் கல்முனை, வரிப்பத்தான்சேனை போன்ற, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களின் பொதுவாழ்வில் பியருக்குப் பெரிதும் இடமில்லை. மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணியாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்தியது. சிறு தொட்டியில் காய்ச்சியதும் இதற்கு விலக்கல்ல.