கிளாரிந்தா கேட்ட மன்னிப்பு

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் ஒரு பெண்ணின் பெயரைத் தவிர்க்க முடிந்ததில்லை. கிளாரிந்தா தஞ்சையைச் சேர்ந்த மராத்திய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்தவர். உடன்கட்டை ஏறவிருந்தவரை அந்த அதிகாரிதான் மீட்டார் என்பது வாய்மொழி மரபு. கிறிஸ்தவத்தை அவருக்குக் கற்பித்ததும் லிட்டில்டன்தான்.

தஞ்சையில் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணந்துகொள்வதாக அதிகாரி அளித்த வாக்கு நிறைவேறவில்லை. ஷ்வார்ட்ஸ் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்றார் லூதர். மனந்திரும்புதல் அன்றாட வாழ்விலும் தென்பட வேண்டும் என்பது ஹாலேக்காரர்களின் பிடிவாதம். பாவமெனத் தாம் கருதிய உறவு தொடர்கையில் எப்படி ஞானஸ்நானம் அளிப்பது? அவருடைய தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த உறவை மணமாக்கும் வலிமை இருவரில் யாரிடம் இருந்தது? கதவு அடைக்கப்பட்டதோ மற்றவருக்கு.

லிட்டில்டன் இறந்த பிறகு, 1778ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ் கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் அளித்தார். தடையை நீக்கியது மரணம். மனமாற்றம் வெகுமுன்பே நிகழ்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுக்கப்பட்ட பின்னும் திரும்பக் கேட்டவரல்லவா அவர்!

மன்னிக்கப்பட்டவர்களைப் பின்வரிசையில் அமர்த்திவிடுவது சபைகளின் வழக்கம். இங்கே அவ்வாறு நிகழவில்லை. 1780ல் 40 பெயர்களோடு பதிவான சபை, பெரிதும் கிளாரிந்தாவின் முயற்சியால் திரண்டது. அவர் முன்னின்று எழுப்பிய ஆலயத்தை 1785ல் பிரதிஷ்டை செய்தவர், முன்பு மறுத்த அதே ஷ்வார்ட்ஸ். உபதேசியார் ஒருவர் வேண்டுமென்ற கிளாரிந்தாவின் வேண்டுகோளுக்கிணங்க சத்தியநாதன் அனுப்பப்பட்டார். 1790ல் அவர் குருப்பட்டமும் பெற்றார்.

அ. மாதவையா 1915ல் 'கிளாரிந்தா' என்ற ஆங்கில நாவலை எழுதினார். விதவைகளுக்கு இந்து சமூகம் இழைத்த கொடுமையே அவருடைய நெடுநாள் அக்கறை. அந்தக் கோணத்தில் பார்த்தால் குற்றவாளி அவளல்ல, அவளை எரிக்கத் துணிந்தவர்கள். இதை மறுக்க முடியாது. ஆயினும் மன்னிக்க ஏதுமில்லை என்று நாம் தீர்ப்பெழுதும்போது, மன்னிப்பைத் தாமே தேடிச்சென்ற அந்தப் பெண்ணின் குரல் அமுங்கிவிடுகிறது. தம் வாழ்வில் எது பிழை, எது பிழையல்ல என்பதைப் பற்றி அவருக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கும். ஷ்வார்ட்ஸும் சரி, மாதவையாவும் சரி, தத்தம் அளவுகோலைக் கொண்டே அதை அளந்தார்கள்.

பாளையங்கோட்டையில் அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில்.