பால் ரோஸ்: கொலைத் தீர்ப்பும் அதன் பின்னரான வாழ்வும்

கனடாவில் அரசியல் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் பரவலாக அறியப்பட்டவரான பால் ரோஸ், 2013 மார்ச் 14ஆம் தேதி மாண்ட்ரியலில் பக்கவாதத்தால் காலமானார். அவருக்கு வயது 69.

மாண்ட்ரியல் தமிழர்களின் திருமுருகன் ஆலயம் அமைந்துள்ள டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரம், 1660ல் இரோகுவா படையினருடனான போரில் மாண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. பின்னாளில் அவர் கியூபெக் தேசிய உணர்வின் சின்னமாக்கப்பட்டார். அந்த உணர்வின் ஒரு சிறு பிரிவு 1963ல் ஆயுதப் பாதையை நாடியது. அதுவே கியூபெக் விடுதலை முன்னணி.

1970 அக்டோபர் 5ஆம் தேதி பிரிட்டிஷ் வர்த்தக ஆணையர் ஜேம்ஸ் கிராஸ் கடத்தப்பட்டார். ஐந்து நாட்களுக்குப் பின், ரோஸ் இடம்பெற்றிருந்த குழு கியூபெக் தொழில் அமைச்சர் பியேர் லபோர்ட்டைக் கடத்தியது. பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தை அமல்படுத்தியது. சுமார் 500 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டு ஏதும் பதிவாகவில்லை. அக்டோபர் 17ஆம் தேதி லபோர்ட்டின் சடலம் ஒரு காரின் பின்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது.

1971ல் ரோஸுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், லபோர்ட் கொல்லப்பட்ட வேளையில் ரோஸ் அந்த வீட்டில் இருக்கவில்லை என்று, கியூபெக் அரசின் உத்தரவின்பேரில் வழக்கறிஞர் டுஷேன் தயாரித்து 1980களின் தொடக்கத்தில் வெளியான அறிக்கை கூறியது. ரோஸோ, கொலைக்கான பொறுப்பு குழுவினர் அனைவருக்கும் உரியது என்ற நிலையிலிருந்து மாறவில்லை. 1982 டிசம்பரில் பரோலில் விடுதலையானார்.

அதன் பின்னர் தொழிற்சங்கத்தில் பணியாற்றிய அவர், 1996 முதல் 2002 வரை சோஷலிச ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை வகித்தார். ஆயுதத்தைக் கைவிட்டு வெளிப்படையான அரசியலுக்குத் திரும்பினாலும், கடந்த காலம் குறித்துத் தாம் வருந்தவில்லை என்றே அவர் கூறிவந்தார்.

லபோர்ட்டின் கொலை, ஆயுதப் பாதைக்கு மக்களிடையே இருந்த அனுதாபத்தைப் பெருமளவில் அழித்தது. பிரெஞ்சு மொழிக்கான பாதுகாப்பு, 1976ல் வாக்குகள் மூலம் ஆட்சிக்கு வந்த கியூபெக் கட்சி மறுஆண்டில் இயற்றிய மொழிச் சட்டத்தால் கிடைத்தது. கியூபெக்கில் குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழியில் கல்வி கற்பதும் அச்சட்டத்தினால்தான். தனிநாட்டுக் கோரிக்கை 1980லும் 1995லும் கருத்து வாக்கெடுப்புகளில் தோற்றது. 1995ல் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதமே.

ரோஸை ஒரு சாரார் சமூக நீதிப் போராளியாக நினைவுகூர்கின்றனர். தந்தையை இழந்த லபோர்ட்டின் பிள்ளைகளுக்கு அந்த அக்டோபர் வேறொரு நினைவு.