கல்லில் பதிந்த பத்திரங்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கிறது நார்த்தாமலை. அங்குள்ள மேலமலையில் பழியிலி ஈச்சுரம் என்ற சிறிய குடைவரை உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆவது ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், அங்கே வெட்டிய கல்வெட்டு சில வரிகள்தான். ஆனால் ஒரு பத்திர எழுத்தர் பார்த்தால் தலையசைப்பார். குடைவித்தவர் விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி. முகமண்டபம், நந்தி, பலிபீடம் ஆகியவற்றை எடுப்பித்தவள் அவர் மகள் பழியிலி சிறியநங்கை. அவள் மீனவன் தமிழதியரையனான மல்லன் அனந்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இன்னார் மகள், இன்னார் மனைவி என்று இன்றைய பத்திரம் கேட்கும் விவரம் அத்தனையும் அங்கே இருக்கிறது. தந்தை செய்தது எது, மகள் செய்தது எது என்பதும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது.

பக்கத்திலேயே விஜயாலய சோழீச்சுரம். பெயரைக் கேட்டால் சோழ அரசன் கட்டியது என்று தோன்றும். அங்குள்ள கல்வெட்டோ, இளங்கோவதியரையன் என்ற பட்டமுடைய செம்பூதி எடுப்பித்த கோயில் என்கிறது. அது மழையில் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்றும் சொல்கிறது. கட்டியவருக்கு ஒரு வரி, பழுது பார்த்தவருக்கு ஒரு வரி. வாய்மொழி மறந்துபோனதைக் கல் மறக்கவில்லை.

கொடுப்பது எளிது, கொடுத்ததைக் கொடுத்தவர் காலத்துக்குப் பின் யார் காப்பது என்பதுதான் சிக்கல். சோழர் காலத்து நார்த்தாமலை அதற்கு வைத்திருந்த விடை, நகரம். வணிகர் கூடி நடத்திய ஊராட்சி அமைப்புக்கு அந்நாளில் அதுதான் பெயர். முதலாம் ராஜராஜனின் பட்டப்பெயரைத் தாங்கித் தெலுங்ககுலகாலபுரம் என்று அழைக்கப்பட்ட இவ்வூர் அப்படியொரு நகரம். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவோடும் அதற்கு உறவு இருந்தது. தனி ஆள் செத்துப்போவான், சபை சாகாது. ஒரு வணிகன் போனால் அவன் இடத்தில் இன்னொருவன் உட்காருவான். இன்றைய அறக்கட்டளைச் சட்டம் தேடுவதும் இந்தத் தொடர்ச்சியைத்தான். மேலமலையில் சமணர் குடகு என்று மக்கள் சொல்லும் குகை, பன்னிரண்டு திருமால் உருவங்களோடு விண்ணகரமாக மாறியபோது, அதற்குக் கிடைத்த பெயரும் வணிகக் குழுவின் பெயர்தான்: பதினெண்பூமி விண்ணகரம்.

இந்தக் குழுக்கள் தர்மத்துக்குப் பணம் திரட்டிய விதம் பக்கத்துச் சீமையில் விரிவாகத் தெரிகிறது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகர்கள் கூடித் தங்கள் சரக்குகள்மேல் தாங்களே விதித்துக்கொண்ட கோயில் வரியைப் பட்டியல் போடுகிறது. உப்பு, அரிசி, மிளகு என்று நீளும் அந்தப் பட்டியல், ஒரு பொதுநல அமைப்பின் வரவுத் திட்டம். பிற்கால வணிகர்கள் மகமை என்று பிடித்து வைத்ததும் இதே வழக்கம்தான்.

சோழர் கால நிலதான ஆவணங்களின் கட்டுக்கோப்பு வியக்க வைக்கும். முதலில் அரசனும் ஆட்சியாண்டும். பிறகு நாடு, கூற்றம், ஊர். பிறகு கீழெல்லை, தென்னெல்லை என்று நான்கெல்லை. எல்லைக்குள் அடங்குவது எது என்று சந்தேகம் வராதபடி, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் சேரும் என்று எழுதுவார்கள். மேட்டு நிலமும் நீர்நிலையும் விட்டுப்போகக் கூடாதல்லவா! இன்றும் கிரயப் பத்திரத்தில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அடுக்குகிறார்கள். வேலை அதே வேலை. கடைசியில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்ற கால வரையறை, காப்பது யார் என்ற வரி, காத்தவனுக்குப் புண்ணியம், அழித்தவனுக்குப் பாவம்.

விளக்கு எரிக்கும் கட்டளைகளில் சாவா மூவாப் பேராடு என்ற ஏற்பாடு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். நாளுக்கு ஓர் உழக்கு நெய். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கையை நிரப்பும். முதலைத் தொடாமல் வரும்படியில் தர்மம் நடத்துவது என்ற நிதி விதி, மந்தை வடிவில் இருந்தது.

இந்தக் கொடைகள் பெரும்பாலும் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே நடந்தவை. சாவுக்குப் பின் சொத்து இன்னாருக்கு என்று எழுதி வைக்கும் உயில், ஆங்கிலேயர் நீதிமன்றங்களோடு வேரூன்றியது. சென்னைத் துபாஷி பச்சையப்ப முதலியார் 1794இல், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் உயில் எழுதித் தம் செல்வத்தைத் தர்மங்களுக்கு விட்டார். எழுத்து இருந்தது, காக்க நிலையான சபை இல்லை. சொத்து வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல்கள் தலையிட்டு, உச்ச நீதிமன்றம் என்று அன்று பெயர் பெற்ற சென்னை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அறங்காவலர் குழு அமைந்த பிறகுதான் 1842இல் அவர் பெயரில் பள்ளி திறந்தது. நடுவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போயிற்று.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1870இன் இந்து உயில்கள் சட்டம் வங்காளப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும். 1927 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்துக்கள் எழுதிய எல்லா உயில்களும் ஒரே விதியின் கீழ் வந்தன. இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு செய்வது அவரவர் விருப்பம். 1882இன் அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கே உரியது. பொது அறக்கட்டளை தடம் மாறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். சங்கமாக நடத்த நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1975இன் சங்கப் பதிவுச் சட்டம் இருக்கிறது.

நார்த்தாமலைக் கல்வெட்டுகளைப் புதுக்கோட்டை சமஸ்தானம் படியெடுத்து, 1929இல் வெளியிட்ட சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பில் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நகரம் கலைந்துவிட்டது. எழுத்து தப்பியது, பொறுப்பேற்ற சபை தப்பவில்லை. இன்று மேலமலைக் கோயிலை நடுவண் தொல்லியல் துறை நினைவுச்சின்னமாகப் பராமரிக்கிறது. மலையடிவாரத்தில் பங்குனித் திருவிழாவுக்குப் பேர்போன முத்துமாரியம்மன் கோயிலோ வழிபாட்டில் இருக்கிறது. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்த பின், இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் நடந்துவருகிறது.