வெண்பட்டு விதியான கதை

மணமகளுக்கு ஏற்ற ஆடை எது? கேள்வி சிறிது. ஆனால், அதற்கு விடை கூறும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டுவிட்டாலோ, வரலாற்றின் ஏடுகளையே புரட்டவேண்டி வருகிறது. ‘தொன்றுதொட்டு வந்த வழக்கம்’ என்ற ஒரே தொடரால் கேட்போர் வாயை அடைத்துவிடுவோர் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர். அந்தத் தொன்மைக்கு வயதென்ன என்று அளந்து பார்ப்பதே பகுத்தறிவாளர் கடமை. மேலைநாட்டு மணமகளின் வெள்ளாடையை அந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

வெண்மை, மணத்திற்கென்றே பிறந்த நிறமா? இல்லை. 1558-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெஞ்சு இளவரசனை மணந்த ஸ்காத்லாந்து அரசி மேரி வெள்ளாடை உடுத்தினார். அந்நாளில் பிரெஞ்சு அரசியர்க்கு வெண்மையே துக்கத்தின் நிறம்! இங்கிலாந்து அரச குடும்பத்திலோ வெள்ளியிழை ஆடைக்கே பெருமை; 1816-இல் இளவரசி சார்லட் உடுத்தியதும் அதுவே. எளிய வீட்டுப் பெண்கள் நீலமோ, பழுப்போ, பச்சையோ, தம்மிடமிருந்த நல்லாடை எதுவோ அதை உடுத்தி மணந்தனர்; மறுநாள் முதல் அதையே உடுத்தி வாழ்ந்தனர். நிலக்கரிப் புகை படிந்த நகரத்திலே, கையால் துவைக்கும் காலத்திலே, வெள்ளாடையைப் பேணுவது செல்வர்க்கே இயலும்.

1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வந்தது. இலண்டன் செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனைக் கோயிலில் விக்டோரியா அரசி ஆல்பர்ட்டை மணந்தார். அப்போது அவருக்கு வயது 20. அரியணையில் இருப்பவரிடம் ஆடவன் மணம் கேட்கலாகாது என்பதால், முந்திய அக்டோபரில் தம் விருப்பத்தை முதலில் உரைத்தவரும் அவரே. மணநாளில் அவர் மணிமுடி சூடவில்லை. ஆரஞ்சு மலர்களைச் சூடினார். அரச மேலங்கியை விலக்கினார், வெண்பட்டு உடுத்தினார்.

அந்தத் தேர்வின் பின்னே உழைப்போர் வயிறும் இருந்தது. பட்டு, இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் நெய்தது. வெளிநாட்டுப் பட்டுக்கு இருந்த தடை 1826-இல் நீங்கியபின் நலிந்துவந்த தொழில் அது. லேஸ், டெவன் மாவட்டத்தின் பீர் என்னும் கடலோரச் சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும் பின்னப்பட்டது. 1809-இல் ஜான் ஹீத்கோட் உரிமம் பெற்ற வலைபின்னும் பொறி, கைப்பின்னல் பெண்களின் பிழைப்பைப் பறித்துக்கொண்டிருந்தது. அரசியின் ஆடைக்காக 200-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வேலை கிடைத்தது. பணி முடிந்ததும், பிறர் அதைப் போலச் செய்யாதபடி அந்தப் பின்னலின் மாதிரிகள் அழிக்கப்பட்டன. கைவண்ணம் உழைத்தவருடையது, காப்புரிமையோ அரண்மனையுடையது!

மாதிரியை அழித்தார்கள், நிறத்தை அழிக்க முடியுமா? ஏடுகள் வருணித்தன, ஓவியங்கள் பரப்பின. செல்வர் வீட்டு மணமகளிர் வெண்மையை நாடினர். 1849-இல், அமெரிக்காவில் பெரிதும் படிக்கப்பட்ட ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் மகளிர் ஏடு, மணமகளுக்கு வெண்மையே ஏற்றதென்று ஆதிகாலம் முதலே வழக்கம் வகுத்துவிட்டதாக எழுதியது. கன்னிமையின் தூய்மைக்கு அது சின்னம் என்றும் விளக்கம் தந்தது. நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அரசியின் திருமணம் நடந்து ஆண்டுகள் ஒன்பதே ஆகியிருந்தன. அதற்குள் ‘ஆதிகாலம்’ பிறந்துவிட்டது! ஒரு பெண் விரும்பி உடுத்திய ஆடை, மற்றப் பெண்களின் ஒழுக்கத்தை அளக்கும் முழக்கோலாகிவிட்டது. மணமகனின் கறுப்புக் கோட்டிடம் மட்டும் தூய்மைச் சான்று எவரும் கேட்கவில்லை.

அந்த விதியின் பிடி எவ்வளவு இறுகியது என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டியது. 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச் வரை பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு. துணிக்குக் கூப்பன் போதாத நிலையில் மணப்பெண்கள் வெள்ளாடையை இரவல் வாங்கினர். பாரசூட்டுத் துணியிலும் தைத்துக்கொண்டனர். 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்தின்போது, தம் பங்குக் கூப்பன்களையே அவருக்கு அனுப்பிவைத்த பெண்களும் உண்டு. கூப்பனைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றமாகையால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. தன் மேனிக்குத் துணியில்லாதவள், அரண்மனை மணமகளுக்குத் துணி தர முன்வருகிறாள்! அன்பென்று இதைப் பாராட்டலாம். அந்த அன்பை ஆக்கிவைத்த பழக்கத்தையும் ஆராயத்தான் வேண்டும்.

நிறத்திலே புனிதம் உறைந்திருக்கிறது என்போர் கடல் கடந்து பார்க்கட்டும். சீனத்தில் மணமகளுக்குச் சிவப்பு. வெண்மை சாவு வீட்டுக்கு உரியது. நம் நாட்டிலோ, கணவனை இழந்தவள்மீது திணிக்கப்பட்ட நிறம் வெண்மை. அங்கே மங்கலம், இங்கே அமங்கலம். துணி ஒன்றே, வெளுப்பு ஒன்றே. பொருளை ஏற்றியவன் மனிதன். ஏற்றியவனால் இறக்கவும் முடியும்.

விக்டோரியா தேர்ந்தெடுத்தார். அவர் ஆளும் அரசியாதலால் அது இயன்றது. ஊரார் அவரிடமிருந்து நிறத்தை எடுத்துக்கொண்டனர். தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுவிட்டனர். நாம் கற்கவேண்டியது அந்த உரிமையை. உடல் வண்ணத்திற்கும், பருவத்திற்கும், குடும்பத்தின் பொருள்நிலைக்கும், பின்னாளில் உடுத்தும் பயனுக்கும் ஏற்ற ஆடை எது என்பதை உடுத்தப் போகிறவளே நன்கறிவாள். நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழும்போது, துணிக்கடைக்குப் புறப்படும் பெரியோர் கூட்டத்தை நிறுத்தி, இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: “மணமகளைக் கேட்டீர்களா?”